காற்றுச் சேதாரம்

வெள்ளைக்காரர்கள் விட்டுவிட்டுப் போனவற்றில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஒரு கட்டு கோல்ஃப் மட்டை. மைசூரில் இருந்த துரை ஒருவர் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறியபோது அவர் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். அப்பா அலமாரி வாங்கப் போனார். அலமாரி விலை ஏறிக் கைக்கெட்டாமல் போய்விட்டது. வெறுங்கையோடு திரும்பக் கூச்சப்பட்டு, யாரும் சீந்தாமல் மூலையில் கிடந்த மட்டைகளையும் ஒரு கூடை நிறைய கோல்ஃப் பந்துகளையும் மூடி தொலைந்த டீ ஜாடி ஒன்றையும் எடுத்துக்கொண்டு வந்தார். புடவை வைக்க அலமாரி இல்லாத வீட்டில் கோல்ஃப் வந்து இறங்கியது அப்படித்தான்.

ஊரில் பெரிய மனிதர்கள் ஏற்கெனவே கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தார்கள். அங்கே ரயில்வே ஆபீஸ் தலைமை கிளார்க்குக்கு என்ன வேலை? சுதந்திரம் வந்துவிட்டது என்று பேப்பரில் போட்டிருந்தார்களே தவிர, நல்ல புல்வெளிகளின் கேட்டுகளுக்கு அந்தச் செய்தி வந்து சேர நாளாயிற்று. அப்பா அதற்கெல்லாம் காத்திருக்கிற ஆள் இல்லை. எங்கள் சர்ச்சிலிருந்து பாதி, அவருடைய ஆபீசிலிருந்து மீதி என்று ஆள் பிடித்துத் தனியாக ஒரு கோல்ஃப் சங்கம் ஆரம்பித்துவிட்டார். பள்ளிக்கூட டிரில் மாஸ்டர், ஒரு கம்பவுண்டர், நாலைந்து கிளார்க்குகள், என்னோடு சேர்த்து மூன்று நர்ஸ்கள். அப்பாவின் மேஜைக்கு எதிர் மேஜையில் கணக்குப் பார்த்த மண்டயத்து ஐயங்கார் ஒருவர் செயலாளர். மேல்கோட்டை வம்சம், நெற்றியில் திருமண், காலில் கான்வாஸ் ஷூ.

ஏலத்தில் மட்டை வந்ததே ஒழிய விதிப்புத்தகம் வரவில்லை. அதனால் விதிகளை எங்கள் ஆட்களே உட்கார்ந்து யோசித்தார்கள். பதினெட்டுக் குழி வேண்டும் என்று கேள்விப்பட்டார்கள். குழிக்குள் பதிக்கக் கையில் இருந்தது ஒன்பது பால் டப்பா. ஆகவே ஒன்பது குழி. குழியைச் சுற்றிப் பச்சைப் புல் வேண்டுமாம். எங்களுக்குக் கிடைத்த இடம் சாமுண்டி மலை அடிவாரத்துப் பொட்டல். அங்கே மாட்டுக்கே புல் கிடையாது. மணலைச் சலித்து, லாரி ஷெட்டில் கழித்துப் போட்ட எண்ணெயைக் கலந்து, ரோட்டுக்குத் தார் போடுகிற மாதிரி வட்டமாகப் பரப்பினார்கள். பந்து அதில் நன்றாகவே உருண்டது. கொடிக்கு மூங்கில் குச்சியும், கம்பவுண்டர் மனைவியின் பழைய சிவப்புப் பாவாடையில் கிழித்த துண்டுகளும். அந்த அம்மாள் கடைசிவரை ஆட்டம் பார்க்க வரவில்லை, காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

எங்கள் விதிகளில் தலையாயது காற்றுச் சேதாரம். நகைக்கடையில் பொன் உருக்கும்போது கொஞ்சம் வீணாகப் போகிறது என்று சேதாரம் கழிப்பார்கள் அல்லவா, அதே தர்மம்தான். காற்று அடிக்கிற நாளில், காற்றினால் வீணாய்ப்போன அடிகளை மொத்தத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். எத்தனை வீணானது என்பது அடித்தவருக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரியும். ஒருவருடைய சேதாரத்தை இன்னொருவர் கேட்பது எங்கள் சங்கத்தில் மகா மரியாதைக் குறைவு, பெண்ணிடம் வயதைக் கேட்கிற மாதிரி. கோல்ஃபில் குறைந்த அடியில் முடிப்பவன்தான் கெட்டிக்காரன் என்பதால், காற்று வீசாத நாளில் எங்கள் ஆட்களுக்கு முகம் வாடிப்போகும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பதை எங்களைப்போல் நம்பி நடந்தவர்கள் கிடையாது. புடவையில் காற்று பிடிக்கும் என்பதால் பெண்களுக்குச் சேதாரம் கூடுதல். நானும் தாராளமாகக் கழித்துக்கொண்டவள்தான். ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்பாள், நாங்கள் அந்தக் கோணலுக்கு ஒரு விதி எழுதி வைத்திருந்தோம்.

இனி என் சங்கதி. அப்போது எனக்கு இருபத்தேழு வயது. மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸ். அம்மா நான் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டார். வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். இருபத்தேழு வயதில் கல்யாணமாகாத பெண் சர்ச்சுக்குள் நுழைந்தால் பாட்டுப் புத்தகத்திலிருந்து தலைகள் ஒவ்வொன்றாக உயர்ந்து தாழும். ஜெபக் கூட்டத்தில் எனக்காக வேண்டிக்கொள்வார்கள், காய்ச்சல்காரர்களுக்கும் வேலை தேடுபவர்களுக்கும் நடுவே. எனக்கும் கல்யாணம் செய்துகொள்ள ஆசை இருந்தது. இந்த வயதில் அதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

மூன்று பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மூன்று பேரையும் நாங்கள்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். முதல் மாப்பிள்ளை வார்த்தைக்கு வார்த்தை தொண்டையைச் செருமுகிறான் என்று அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவது வீட்டில் கிணற்றுத் தண்ணீர் உப்பு. மூன்றாவது ஆளுக்குச் சிரிக்கவே தெரியவில்லை. அப்பா ஒவ்வொரு முறையும் சாயங்காலம் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து, நமக்கு இது சரிப்படாதும்மா என்று காரணத்தைச் சொல்வார். நானும் அதை நர்ஸ்கள் விடுதியில் போய்ப் பெருமையாகச் சொல்லுவேன். மூன்று பேரை ஒதுக்கியவள் என்று அங்கே எனக்கு ஒரு கௌரவம் இருந்தது.

நாலாவது ஆள் தங்கவயலில் இருந்து வந்தார். சுரங்க ஆபீசில் சர்வேயர். அப்பா இல்லை, அம்மா மட்டும். அந்த ஊரில் வெள்ளைக்காரர்கள் கோல்ஃப் ஆடுகிற மைதானம் ஒன்று இருந்தது. துரைகளுக்கு ஆள் குறைந்தபோது இவரையும் கூப்பிட்டு ஆட வைத்திருக்கிறார்கள். கோல்ஃப் ஆடத் தெரிந்த மாப்பிள்ளை என்று காதில் விழுந்ததும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பெண் பார்க்க வீட்டுக்கு வரவேண்டாம், ஈஸ்டர் திங்களன்று எங்கள் சங்கத்து உல்லாசப் பயணத்துக்கு வந்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பெண்ணையும் பார்த்த மாதிரி, தம் சங்கத்தையும் காட்டின மாதிரி. இதில் எது அவருக்கு முக்கியமாக இருந்தது என்று நான் ஆராயவில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை, குண்டலுபேட்டை போகும் வழியில் வற்றிக் கிடக்கும் ஓர் ஏரிக்குள் போய் ஆடுவது சங்கத்து வழக்கம். தண்ணீர் வந்தால் குழிகள் மூழ்கிவிடும் என்பதால் ஒவ்வொரு கோடையிலும் புதிதாகத் தோண்டி, சுற்றி எண்ணெய் மணலைப் பரப்புவார்கள். அந்த வருஷம் கோடை மழை ஏமாற்றிவிட்டது. வாடகை பஸ்ஸை விட்டு இறங்கியபோதே வெயில் தலையில் ஆணி அடித்தது. அதோடு காற்று. அந்த மாதிரிக் காற்றை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. அடுப்பு வாய்க்கு முன்னால் நிற்கிற சூடு, கூடவே மண். நான் முதல்நாள் இரவு டியூட்டி முடித்து, பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தூங்கி, இறங்கும் முன் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தேன். ஏரி அதன்மேல் தன் பவுடரைப் பூசிவிட்டது. புடவை பறக்காமல் இருக்க ஆஸ்பத்திரி ஊக்குகளைக் குத்தி, தலைக்கு ஒரு துண்டைக் கட்டிக்கொண்டேன். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்ததெல்லாம் என் மூக்கும் இரண்டு கண்களும்தான்.

ஐயங்கார் விரலை நனைத்து உயர்த்திப் பார்த்துவிட்டு, இன்று சேதாரம் பலமாகவே உண்டு என்று அறிவித்தார். ஆட்கள் முகத்தில் ஈஸ்டர் ஒளி வந்தது. அவர் விரலை நனைத்துப் பார்த்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாற்பது நாள் லெந்து விரதம் முடிந்த எங்கள் பக்கத்துப் பாத்திரங்களில் ஆட்டுக்கறி. அவருடைய தூக்கில் புளியோதரை. காற்று அவரிடமிருந்து எங்கள் பக்கம் வீசுகிற இடமாகப் பார்த்து உட்காருவது அவருடைய ஏற்பாடு. அன்றைக்குக் காற்று நாலு பக்கமும் சுற்றிச் சுற்றி அடித்ததில், தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டு அவரும் கரைமேல் சுற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில் பஸ்ஸுக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காலை ஆகாரத்தை முடித்தார்.

மாப்பிள்ளை ஒல்லியாக, வெயிலில் காய்ந்த நிறமாக இருந்தார். பேச்சு குறைவு. அவருடைய அம்மா கரையில் புங்க மரத்தடியில் குடையை விரித்து உட்கார்ந்து, ஆடு வாங்க வந்தவர் மாதிரி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அப்பா, ஐயங்கார், மாப்பிள்ளை, நான் என்று நாலு பேரும் ஒரே கூட்டமாக ஆடினோம். ஏரி மண் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. பந்து வெடிப்புக்குள் விழுந்தால் கையை விட்டு எடுக்கவேண்டும். உள்ளே நண்டு இருக்குமா தேள் இருக்குமா என்று தெரியாது. அப்பா அடித்த முதல் பந்து நேராக மேலே போனது, கொஞ்சம் யோசித்தது, திரும்பி எங்களிடமே வந்தது. அப்பா அதைப் பார்த்து, சேதாரம் என்றார். இரண்டாவது அடியில் பந்து அங்கேயே இருந்தது, அவர் தொப்பி போய்விட்டது. அதுவும் சேதாரம். ஐயங்கார் அடிக்கும் முன்பே சேதாரம் என்றார், வாய்க்குள் மண் போய் அடுத்த வார்த்தை வரவில்லை.

மாப்பிள்ளை அடித்ததைப் பார்த்தபோதுதான் கோல்ஃப் என்பது என்னவென்று எங்களுக்குத் தெரிந்தது. காற்று எந்தப் பக்கம் தள்ளும் என்று பார்த்து, வேறெங்கோ அடிக்கிற மாதிரி அடித்தார். பந்து தாழப் பறந்து, வளைந்து, கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றது. அப்பா கண்ணை மூடி ஆண்டவருக்கு நன்றி சொன்னார். நான் என் முறைக்கு அடித்தேன். மண்ணாங்கட்டி பறந்தது. பந்து பறக்கவில்லை.

மூன்றாவது குழியில் அது நடந்தது. எண்ணெய் மணலில் அவர் பந்து குழிக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. அவர் மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்தபோது ஒரு பெருங்காற்று வந்தது. நாங்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டோம். கண்ணைத் திறந்தபோது அவர் மட்டையை எடுத்துக்கொண்டு விலகி நின்றார். பந்து நகர்ந்துவிட்டது, தமக்கு ஓர் அடி கூட்டிக்கொள்ளுங்கள் என்றார். எவ்வளவு நகர்ந்தது என்று ஐயங்கார் கேட்டார். அவர் ஆள்காட்டி விரலையும் கட்டை விரலையும் நெருக்கிக் காட்டினார். நடுவில் ஓர் எறும்பு நுழையலாம்.

"காத்து பண்ணினதுக்கு நீர் என்னத்துக்கு ஏத்துக்கறீர்?" என்றார் ஐயங்கார்.

"மட்டையை வச்சப்புறம் நகர்ந்தா அது என் கணக்குதான் சார்."

அப்பா சிரித்தார். பையன் பெண் எதிரில் அடக்கம் காட்டுகிறான் என்று எடுத்துக்கொண்டார். ஆனால் ஐந்தாவது குழியிலும் அதே கதை. ஏழாவதில் வெடிப்புக்குள் விழுந்த பந்தை எடுத்து வெளியே வைத்துவிட்டு, அதற்கும் ஒன்று கூட்டிக்கொண்டார். அப்பாவுக்குச் சிரிப்பு குறைந்து வந்தது. பாவம், பிழைக்கத் தெரியாத பிள்ளையாக இருக்கிறான் என்று என் காதில் சொன்னார். கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, மாப்பிள்ளை என்று பார்த்தால் அதுவும் நல்லதுதான் என்றார்.

எனக்கு அவரை மூன்றாவது குழியிலேயே பிடித்துப்போய்விட்டது. நான் ஆஸ்பத்திரியில் தினமும் பார்க்கிறவர்கள், மருந்தைக் குடித்துவிட்டேன் என்று சொல்லி ஜன்னல் வழியே ஊற்றுகிறவர்கள். பத்தியம் காத்தேன் என்பார்கள், தலையணைக்கடியில் வடை இருக்கும். யாரும் பார்க்காத நேரத்தில் தன்மேல் தானே ஒன்றை ஏற்றிக்கொள்கிற மனிதரை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. கண்ணில் மண்ணும் முதுகில் வியர்வையும் இரண்டு நாள் தூக்கமும் இருந்தும், இந்த ஆள் எனக்கு வேண்டும் என்று எட்டாவது குழிக்கு நடக்கும்போது தீர்மானமாக நினைத்தேன். நாலாவது ஆளை அப்பா எந்தக் காரணம் சொல்லியும் ஒதுக்கவிடக் கூடாது என்றும் நினைத்துக்கொண்டேன்.

ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் புங்க மரத்தடியில் கூடினோம். ஒவ்வொருவராக எழுந்து தம் கணக்கைச் சொல்வது வழக்கம், சேதாரம் போக. டிரில் மாஸ்டர் சொன்னார். கம்பவுண்டர் அவரைவிடக் குறைத்துச் சொன்னார். அப்பா அவர்கள் இருவரையும்விடக் குறைத்துச் சொல்லி, தலைவர் என்ற முறையில் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். ஒன்பது குழிக்கு அப்பா சொன்ன அடிகளை எண்ணினால், ஏரிக்குள் அவர் நடக்கவே இல்லை என்றுதான் கொள்ளவேண்டும். கடைசியில் மாப்பிள்ளை எழுந்தார். எல்லோர் கணக்கையும்விட அவருடையது ஜாஸ்தி. எங்களில் நன்றாக ஆடிய ஒரே ஆள் கடைசியாக வந்திருந்தார்.

விருந்தாளியைக் கடைசியில் நிறுத்துவது மரியாதை இல்லை என்று ஐயங்காருக்குப் பட்டது. எங்கள் வழக்கம் தம்பிக்குத் தெரியவில்லை, சேதாரம் கழித்துச் சொல்லலாம், எவ்வளவு வேண்டுமானாலும் கழிக்கலாம், நாங்கள் கேட்கமாட்டோம் என்று விளக்கினார்.

"வேணாம் சார். காத்து எல்லாருக்கும்தானே அடிச்சுது" என்றார் மாப்பிள்ளை.

குத்தலாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்கிற மாதிரிதான் சொன்னார். ஆனால் எங்கள் சங்கம் அதற்குமேல் தாங்கவில்லை. டிரில் மாஸ்டர் இருமிவிட்டு, தமக்கு இரண்டு விட்டுப்போய்விட்டது என்றார். கம்பவுண்டருக்கு நாலு ஞாபகம் வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த கிளார்க்குகளுக்கு ஆறு, ஏழு என்று வந்துகொண்டே இருந்தது. சர்ச்சில் பாவ அறிக்கை நேரத்தில்கூட இவ்வளவு சுறுசுறுப்பை நான் கண்டதில்லை. நான் என் பங்குக்குப் பதினொன்று ஏற்றிக்கொண்டேன், அவர் பார்க்கிறாரா என்று பார்த்துக்கொண்டே. அப்பாவுக்கு மட்டும் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அந்த வருஷத்துப் பரிசை அவரிடமே கொடுத்தார்கள். கைதட்டல் மெலிவாக இருந்தது. இப்படி ஒரு நாகரிகம் தெரியாத பிள்ளையை எங்கும் பார்த்ததில்லை என்று அவர் முகம் சொல்லியது, ஆனாலும் வரப்போகிற மாப்பிள்ளை என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவருக்கு இன்னொரு கரண்டி கறியை எடுத்து வைத்தார்.

சாப்பாட்டுக்குப்பின் மாப்பிள்ளையின் அம்மா, ஒரு பந்து கரைக்கு அப்பால் போய்விட்டதே, நீங்கள் இரண்டு பேரும் போய்த் தேடிக்கொண்டு வாருங்களேன் என்றார். எந்தப் பந்தும் போகவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். பெண்ணையும் பிள்ளையையும் தனியே பேசவிடுவது அப்போது எங்கள் சபையில் புதிய வழக்கம். நாங்கள் கரையேறி அந்தப்பக்கம் இறங்கினோம். நான் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டேன். என் முகத்தை அவர் சரியாகப் பார்க்கட்டும் என்றுதான். இல்லாத பந்தை அவர் உண்மையிலேயே புதர் புதராகத் தேடிக்கொண்டு வந்தார். கொஞ்ச தூரம் போனதும் நின்றார்.

"உங்ககிட்ட நேராவே சொல்லிடறேங்க. எங்க ஊர்ல ஒரு டீச்சர் இருக்காங்க. அவங்களைத்தான் கட்டிக்கப் போறேன். அவங்க கத்தோலிக்கம், நம்ம சபை இல்லைன்னு அம்மா ஒத்துக்க மாட்டேங்கறாங்க."

நான் அப்படியே நின்றேன். பிறகு கோபம் வந்தது. அப்படியானால் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டேன்.

"அம்மா அழுதாங்க." கொஞ்சம் யோசித்தார். "கோல்ஃபும் இருக்குன்னாங்க."

உண்மை பேசுகிறவர்களோடு இருக்கிற தொல்லை இது. தம் கையில் இருப்பதை அப்படியே நம் தலையில் கொட்டிவிடுவார்கள். பந்து எறும்பளவு நகர்ந்ததற்கு ஓர் அடி கூட்டிக்கொள்கிற மனிதர், பெற்ற தாயிடம் அந்த நேர்மையில் பாதியைக் காட்டியிருந்தால் எனக்கு ஒரு நாள் லீவு மிச்சமாகியிருக்கும். இதை அவரிடமே சொல்லிவிட்டேன். அவர் தலையைக் குனிந்து, அது தம் தப்புதான் என்றார். என்னிடம் குறை ஒன்றும் இல்லை என்றும், நான் நன்றாக ஆடுகிறேன் என்றும் சொன்னார். அன்று முழுவதும் அவர் சொன்ன ஒரே பொய் அதுதான்.

திரும்பி நடக்கும்போது நான் அழுதேன். வெயிலும் மண்ணும் இருந்ததால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்று காலைவரை முகம் தெரியாத ஓர் ஆளுக்காக அழுகிறோமே என்று இருந்தது. ஆனாலும் அழுகை வந்தது. அவரை அவ்வளவு பிடித்திருந்தது.

அப்பா பஸ்ஸின் நிழலில் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். மற்றவர்கள் மட்டைகளையும் பாத்திரங்களையும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என் முகத்தைப் பார்த்ததும் அவர் என்னைப் பஸ்ஸுக்குப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய், பையன் என்ன சொன்னான் என்று கேட்டார். சொன்னேன்.

"சும்னே, விளையாட்டுக்குச் சொல்லியிருப்பான். இந்தக் காத்துல உனக்குச் சரியாக் கேட்டிருக்காது" என்றார்.

நன்றாகவே கேட்டது என்றேன். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அப்படியானால் கவலை வேண்டாம், நாமே முந்திக்கொண்டு வேண்டாம் என்று சொன்னதாக வைத்துக்கொள்ளலாம், சூதுவாது தெரியாத பிள்ளை நம் வீட்டுக்குச் சரிப்படாது என்று சர்ச்சில் சொல்லிவிடுகிறேன் என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. வேண்டாமப்பா, அவர்தான் வேண்டாம் என்றார், கேட்டால் அப்படியே சொல்லுங்கள் என்றேன்.

அப்பாவுக்கு அடக்கிவைத்த கோபம் எல்லாம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன மனுஷன்மா இவன். அந்த மூணு வீட்டுக்காரங்களும் ஆள் விட்டு என்கிட்டதான் வேணாம்னாங்க. பொண்ணு மூஞ்சிக்கு நேரா எவனும் சொல்லலை."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. பஸ்ஸின் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குத் தொண்டைச் செருமலும் உப்புத் தண்ணீரும் சிரிக்காத மாப்பிள்ளையும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. மூன்று முழுப் பூசணிக்காயை அவர் ஒற்றை ஆளாகச் சோற்றில் மறைத்திருந்தார். நான் விடுதியில் பேசிய பேச்செல்லாம் காதில் கேட்டது. முகம் சுட்டது.

என்ன காரணம் சொன்னார்கள் என்று கேட்டேன். காரணம் எதற்கம்மா என்றார். நான் விடவில்லை. ராத்திரி டியூட்டி பார்க்கிற பெண் வேண்டாம் என்றார்கள் இரண்டு வீட்டிலும் என்றார். மூன்றாவது வீடு என்று கேட்டேன். துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

"அவங்க, வேலையை விட்டுட்டா பண்ணிக்கறோம்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பேடான்னுட்டேன்."

கோபம் வந்தால் மட்டும் கன்னடத்தில் வேண்டாம் என்பார் அப்பா. அந்த ஒரு வீட்டை உண்மையாகவே அவர்தான் ஒதுக்கியிருந்தார். அதற்கும் சேர்த்து, சிரிக்கத் தெரியாத மாப்பிள்ளை என்று ஒரு கதையைக் கட்டி என்னிடம் சொல்லியிருந்தார். அவருக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் வராததற்கு நான்தான் காரணம் என்பதும், எனக்குக் கல்யாணம் ஆகவேண்டும் என்று அவர் முழங்காலில் நின்று ஜெபிப்பதும் எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே அப்பா என்றேன்.

அவர் அப்போதும் என்னைப் பார்க்கவில்லை.

"கேட்டிருந்தா எனக்காக வேலையை விட்டிருப்பே" என்றார்.

விட்டிருப்பேன்.